அரைகுறையாக நிற்கும் ஐந்து போர்வைகள்

வாசகர் கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். வயது 42. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். லைனிங் பிளவுஸ் மூன்று மணி நேரத்தில் முடியும், 250 ரூபாய் வாங்குகிறேன். இரண்டு வருடமாகப் பழைய புடவைகளை ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டி ஒட்டுத்துணிப் போர்வையும் தைத்துக் கொடுக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாசல், சமையல், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், மாடித் தோட்டம். தோட்டமும் நேரத்தைத் தின்கிறது, தைக்க நேரமே இல்லை. மெஷினில் உட்கார்ந்த உடனே யாராவது கூப்பிடுவார்கள். ஐந்து போர்வைகள் பாதியில் நிற்கின்றன. வீடெல்லாம் நூலும் ஊசியும் என்று மாமியாருக்குக் கோபம். போன வாரம், வாடிக்கையாளர் ஒருவர் தன் அம்மாவின் ஞாபகமாகக் கொடுத்த சுங்குடியின் சிவப்பு, தைத்து முடித்து அலசியபோது பக்கத்து வெள்ளைக் கட்டங்களில் இறங்கிவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தைப்பதில் கழுத்து வலி வேறு. ராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். சிங்கிள் போர்வைக்கு 25 மணி நேரமும், அடித்துணி, பஞ்சு, நூல் என்று 450 ரூபாயும் ஆகிறது. 1,200 ரூபாய் வாங்குகிறேன், அதற்கே 'மிச்சத் துணிதானே' என்கிறார்கள். சொந்தக்காரர்கள் குழந்தைப் போர்வையைச் சும்மாவே கேட்கிறார்கள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு கடை, இரண்டு மாதத்தில் தீபாவளிக்கு 12 போர்வை கேட்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சுங்குடி. மற்றதெல்லாம் பத்து நாள் பொறுக்கும், இது பொறுக்காது. போர்வையை இனி வெயிலில் போடாதீர்கள், அதன்மேல் இஸ்திரி வைக்கவே வைக்காதீர்கள். இறங்கிய சாயம் வெள்ளைத் துணியில் சும்மா ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை அதை வெளியே எடுக்க வழி உண்டு. வெயில், இஸ்திரி என்று காய்ந்த சூடு பட்டால் அதை எடுப்பது கஷ்டமாகிவிடும்.

பெரிய டப்போ அண்டாவோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்வை தாராளமாக நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும், வாளி போதாது. கை வைத்தால் பொறுக்காத சூட்டில் தண்ணீர் ஊற்றி, ப்ளீச் கலக்காத லிக்விட் சோப்பைக் கொஞ்சம் தாராளமாகவே கலந்து, போர்வையை முழுக்க அமுக்கி வையுங்கள். ஒரு முனைகூட நீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது. காட்டினால் அந்த இடத்தில் சாயம் ஏறிக் கோடாகத் தங்கும். அதனால் மேலே இரண்டு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். சுமார் 12 மணி நேரம் அப்படியே ஊறட்டும். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு பாருங்கள். ரோஸ் நிறம் தெரிந்தால் நீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து. நீர் தெளிந்த பிறகுதான் அலசல், அப்புறம் நிழலில் உலர்த்தல். துணியில் நிற்காமல் அலைகிற சாயத்தை நீரிலேயே மிதக்க வைத்து, சோப்பைப் பிடித்துக்கொள்ளச் செய்து, வெளியே கொட்டிவிடுகிறோம். விஷயம் அவ்வளவுதான். போர்வையில் பட்டுத் துண்டு ஏதாவது இருந்தால் மட்டும் இந்தச் சூடு ஆகாது, ஆறிய நீரில்தான் செய்ய வேண்டும், பலனும் குறைவாகத்தான் இருக்கும்.

கல் உப்பும் வினிகரும் போட்டால் நின்றுவிடும் என்று நாலு பேர் சொல்வார்கள். சாயம் ஏற்றும் பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு, அது சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். ஏற்கெனவே சரியாகப் பிடிக்காத சாயத்தைப் பருத்தியில் நிரந்தரமாகக் கட்டிப்போட அதனால் முடியாது. வினிகர் பட்டு, கம்பளிச் சாயங்களின் கதை. இனிமேல் சுங்குடி, கண்டாங்கி, அடர்சிவப்பு, கருநீலம் எது வந்தாலும், வெட்டும் முன் ஒரு ஓரத்தை நனைத்து, அதன்மேல் வெள்ளைக் கட்பீஸை வைத்து அழுத்தி இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் அச்சு விழுந்தால் அந்தத் துணியைத் தனியாகப் பலமுறை அலசி, மறுபடி சோதித்து, அப்போதும் விழுந்தால் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அடர்ந்த நிறங்களோடு சேர்த்து வேறு போர்வைக்கு வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கட்டம் போட்ட துணியை 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்தே விற்றார்கள், துவைக்கத் துவைக்க நிறம் கலந்து அழகாகுமாம். உங்கள் வாடிக்கையாளரிடம் இந்தக் கதை எடுபடாது. அவருக்கு இன்றே போன் செய்து, நடந்ததையும் நீங்கள் செய்யப்போவதையும் சொல்லிவிடுங்கள். போகாமல் நிற்கிற கட்டங்களைப் பிரித்து வேறு துண்டு வைத்துத் தருவதாகவும் சொல்லுங்கள். போர்வையைக் கையில் வாங்கிய பிறகு அவரே கண்டுபிடிப்பதுதான் உங்களுக்கு ஆபத்து.

சரி, இப்போது நேரம். நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளவுஸ் போக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது உங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று சிதறிக் கிடைக்கிறது. அதில் எந்த வேலையை எடுக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். பாதியில் எழுந்தால் கெட்டுப்போகிற வேலைகள் இந்தத் தொழிலில் இரண்டே இரண்டு. ஒன்று, வெட்டுவது. இன்னொன்று, மேல்துணி, பஞ்சு ஷீட், அடித்துணி மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, தற்காலிகமாகப் பிடித்து நிற்கக் கச்சா தையல் போடுவது. வெட்டும்போது எழுந்து போய் வந்தால் கால் அங்குலம் தவறும், அந்தக் கால் அங்குலம் ஒரு வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் மூலை சேராது. விரித்த துணியைப் பாதியில் விட்டால் யாராவது மிதித்து மடிப்பு விழும். உங்கள் ஐந்து போர்வைகளில் குறைந்தது மூன்று இந்தக் கட்டத்தில்தான் நிற்கின்றன என்று அடித்துச் சொல்வேன்.

இந்த இரண்டையும் வாரத்தில் ஒரே நாளுக்கு ஒதுக்குங்கள். வீட்டில் எல்லோரும் வெளியே போகிற நாள் எதுவோ அது. அன்று பிளவுஸ் வேண்டாம், போனை உள் அறையில் வையுங்கள். ஒரே மூச்சில் இரண்டு போர்வைக்கான துண்டுகளை வெட்டி, பழைய இட்லித் துணியிலோ தலையணை உறையிலோ வரிசை வரிசையாகக் கட்டி, மேலே சீட்டு எழுதிச் செருகிவிடுங்கள். அப்புறம் கிடைக்கிற பத்து நிமிடத்தில் ஒரு கட்டை எடுத்து மெஷினில் தள்ளினால் போதும். இரண்டு இரண்டு துண்டாக, நடுவில் நூலை வெட்டாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததை ஊசிக்கடியில் விட்டுக்கொண்டே போங்கள். பூச்சரம் மாதிரி தொங்கும். குக்கர் விசில் அடித்தால் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம், கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. துண்டுகளைப் பிறகு மொத்தமாக வெட்டிப் பிரித்து இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

துண்டின் அளவையும் மாற்றிப் பாருங்கள். ஐந்து அங்குலச் சதுரம் வெட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தையலுக்குக் கால் கால் அங்குலம் போனால் நாலரை நிற்கும். 60-க்கு 90 சிங்கிள் போர்வைக்கு 13 வரிசை, 20 வரிசை என்று 260 துண்டு. அதையே ஆறரை அங்குலமாக வெட்டினால் ஆறு நிற்கும், பத்துக்குப் பதினைந்து, 150 துண்டு போதும். நூற்றிப்பத்துத் துண்டை வெட்டவும் இணைக்கவும் வேண்டியதில்லை. புடவையின் பூவும் கட்டமும் பெரிய துண்டில்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது என் கட்சி. திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் கலக்காதீர்கள். ஒன்று இழுபடும், ஒன்று இழுபடாது, தைத்து முடித்ததும் போர்வை அலையலையாக நிற்கும். நைந்த பட்டுப் புடவையை வைத்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், அடியில் 2x2 ரூபியாத் துணியை வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்டுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்திருக்கும் பட்டை எதுவும் காப்பாற்றாது, அந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள். நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் அது சரி. துவைக்கிற போர்வையில் வைத்தால், வழுவழுப்பான அந்த இழை கட்டிக் கட்டியாக மூலைக்கு ஓடிவிடும். நம் வெயிலுக்குப் பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பே பஞ்சுக்குப் பதிலாகப் போதும்.

கையில் வைத்துத் தைக்கிற வேலையும் ஒன்று பழகிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்கு அது பொருந்தும். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பக்கம் சித்திகள் என்று ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அளவெடுத்து வெட்டுவது, முதலில் மேல்துணியைத் தனியாக இணைப்பது, இதெல்லாம் அதில் கிடையாது. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, கைக்கு வந்த துண்டின் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நாலு பக்கமும் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலையாக முடிந்துவிடும். கடைசியில் நாலு மூலைக்கும் மடித்த துணியில் பூ ஒன்று வைப்பார்கள். எந்த நிமிடமும் கீழே வைக்கலாம், எந்த நிமிடமும் எடுக்கலாம். டிவி முன்னால் தைக்கலாம், பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தைக்கலாம். வங்காளத்துக் காந்தாவும் பீகாரின் சுஜனியும் மராட்டியத்துக் கோதடியும்கூட இப்படி வீட்டு வேலைகளுக்கு நடுவே வளர்ந்தவைதான்.

இங்கே உங்கள் மாமியாருக்கு வருகிறேன். ஊசியைப் பற்றி அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. தரையில் கிடக்கும் குண்டூசி காலில் ஏறினால் விளையாட்டில்லை. கச்சா தையலுக்குக் குண்டூசியை விட்டுவிட்டு சேஃப்டி பின்னுக்கு மாறுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி, ராத்திரி படுக்கும் முன் தரையில் இழுத்துவிடுங்கள், கட்டிலடி ஊசிகூட வந்து ஒட்டிக்கொள்ளும். மெஷின் மேசையின் ஓரத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டால் நூல் பிசிறு தரைக்கு வராது. பருத்திக் கிழிசலை நாடாவாகக் கிழித்து உங்கள் மாடியில் பாகல் கொடியையும் தக்காளிச் செடியையும் கட்டலாம், தண்டை அறுக்காது, நாளாவட்டத்தில் மக்கியும் போகும். பாலியஸ்டரை மட்டும் மண்ணில் போடாதீர்கள்.

அப்புறம், மாமியாருக்கு ஓட்டுத்தையல் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தீர்களா? அந்தத் தலைமுறையில் பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் பழம்புடவையை மடித்துத் தைத்துப் போடாதவர்கள் குறைவு. கண் தெரியவில்லை, நூல் கோக்க முடியவில்லை என்பார். அதற்கு ஒரு வழி உண்டு. நூல்கண்டை வெட்டாமல், அதன் முனையில் பத்துப் பன்னிரண்டு ஊசிகளை வரிசையாகக் கோத்துக் கண்டிலேயே வைத்துவிடுங்கள். ஒரு முழ நூலை உருவி, முதல் ஊசியை மட்டும் அதோடு விட்டு, மற்ற ஊசிகளைப் பின்னுக்குத் தள்ளி நூலை வெட்டினால் ஊசி கோத்தபடியே கையில் வரும். அடுத்த நூலுக்கு அடுத்த ஊசி. காலையில் நீங்கள் ஒருமுறை கோத்தால் சாயங்காலம் வரை அவர் யாரையும் கூப்பிட வேண்டாம். தைத்ததற்குக் கூலியையும் அவர் கையிலேயே கொடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

உடம்புக்கு வருவோம். கழுத்து வலிக்கு முக்கால்வாசிக் காரணம் பிளாஸ்டிக் நாற்காலிதான். அது தாழ்ந்திருப்பதால் தோளைத் தூக்கிக்கொண்டு தைக்கிறீர்கள். தோளைத் தளர்த்தி உட்கார்ந்தால் முழங்கை மெஷின் பலகையின் மட்டத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் இருக்கையில் கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்றைப் போடுங்கள். பிளவுஸ் எடையில்லாதது, போர்வை கனமானது. அது மேசையைவிட்டுத் தொங்கும்போது அந்தக் கனத்தை இழுப்பது உங்கள் கழுத்துத்தான். இடது பக்கத்திலும் மெஷினுக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூலோ இஸ்திரி மேசையோ போட்டு அதைத் தாங்கச் செய்யுங்கள். தையல் நேராகவும் விழும். ஊசியை 16-ஆம் நம்பருக்கு மாற்றுங்கள். மூன்றடுக்கில் 14 திணறினால் தையல் விட்டுவிட்டு விழும், நாம் மெஷினைத் திட்டிக்கொண்டு துணியைக் கையால் இழுப்போம். கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்றும் பாருங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து மாடிக்குப் போங்கள். தோட்டம் நேரத்தைத் தின்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள், எனக்கு அது உங்கள் வேலையில் ஒரு பகுதியாகத்தான் தெரிகிறது. மொத்தமாகக் காலையில் ஒரு மணி நேரம் செலவழிக்காமல் ஒரு தடவைக்குத் தண்ணீர், ஒரு தடவைக்கு வெண்டை பறிப்பு, ஒரு தடவைக்குச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி பார்ப்பது என்று பிரித்துக்கொண்டால் கண்ணும் தூரத்தைப் பார்க்கும், முதுகும் நிமிரும். மண் வேலைக்குக் கையுறை போடுங்கள். வெடித்த விரல் நுனி பட்டில் பட்டால் இழை பிடித்து இழுத்துவிடும். விரலுக்குத் தேங்காய் எண்ணெய் ராத்திரி மட்டும், பகலில் தடவினால் துணியில் கறை.

கை மரத்துப்போவதை மட்டும் நான் தையல் அறிவுரையோடு சேர்க்க மாட்டேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து ராத்திரியில் எழுப்புகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு இருப்பவர்களுக்கும் இது வரும், அந்தச் சோதனைகளையும் அவர் சொல்வார். ஆரம்பத்தில் போனால் பெரும்பாலும் ராத்திரி மணிக்கட்டில் பட்டை கட்டுவது, வேலையைக் குறைப்பது என்ற அளவில் நின்றுவிடும். தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாதீர்கள், இந்தக் கைதான் உங்கள் மூலதனம்.

இப்போது காசு. நீங்களே எழுதிய கணக்கை எடுத்துக்கொள்கிறேன். சிங்கிள் போர்வைக்கு 25 மணி நேரம், அடித்துணி, பஞ்சு, நூல் 450 ரூபாய். 1,200-இல் அதைக் கழித்தால் 750. மணிக்கு 30 ரூபாய். லைனிங் பிளவுஸுக்கு 250 வாங்குகிறீர்கள், மூன்று மணி நேரத்தில் முடிக்கிறீர்கள், ஏறத்தாழ மணிக்கு 80. அதே மெஷின், அதே கை. போர்வைக்கும் 80 போட்டால் கூலி 2,000, பொருளோடு 2,450. கரண்ட், ஊசி, மெஷின் சர்வீஸ் சேர்த்து 2,700-க்குக் கீழே சொல்லாதீர்கள். பாதிப்பேர் போய்விடுவார்கள். போகட்டும், அந்த நேரத்தில் பிளவுஸ் தைத்தால் இப்போதைய 30 ரூபாயைவிட அதிகமாகவே கிடைக்கும். 'மிச்சத் துணிதானே' என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், துணிக்கு நான் காசு கேட்கவில்லை, கூலிதான் கேட்கிறேன் என்பது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வைகளை 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டி வைத்தார்கள். அவையும் மிச்சத் துணிதான்.

சொந்தத்துக்குக் குழந்தைப் போர்வை கொடுக்க ஆசை இருந்தால் கொடுங்கள், ஆனால் சின்னதாக, 36-க்கு 36 தரைவிரிப்பாகத் தைத்துக் கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது அதன்மேலோ பக்கத்திலோ தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது, முகத்தை மூடி மூச்சு முட்டலாம். விழித்திருக்கும்போது கீழே விரித்துப் போட மட்டும்தான் என்று சொல்லியே கொடுங்கள். பட்டன், ஜிகினா, ஜரிகை வேண்டாம். அந்துருண்டை போட்ட பெட்டியில் அதை வைக்கவே கூடாது. ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மற்ற போர்வைகளுக்கும் காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் கட்டிப் போடுங்கள், போதும்.

கடை ஆர்டர். 12 போர்வைக்கு 300 மணி நேரம். இரண்டு மாதம் நாள் தவறாமல் மூன்று மணி நேரம் தைத்தாலும் 180 மணிதான், ஏழு போர்வைதான் வரும். அதுவும் பாதியில் நிற்கும் ஐந்தையும் சுங்குடியையும் மறந்துவிட்டு. தீபாவளிக்கு முன் பிளவுஸ் குவியும், கை வேறு சரியில்லை. ஆகவே நாலு என்று சொல்லுங்கள். ஆறரை அங்குலக் கட்டம், ஒரே டிசைன், நிறம் மட்டும் வேறு. கடைக்காரர் தன் லாபத்தை மேலே வைத்துக்கொள்ளட்டும், உங்கள் 2,700-இல் கை வைக்க வேண்டாம். சாயம் போனால், அளவு மாறினால், விற்காமல் திரும்பினால் யார் பொறுப்பு என்பதைப் பேசி, ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி வாங்குங்கள். பாதிப் பணம் முன்பணம். விற்ற பிறகு தருகிறேன் என்றால் இந்தத் தீபாவளிக்கு வேண்டாம், பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, விரித்துக் கச்சா தையல் போடாமல் நிற்கும் அந்த மூன்றை முதலில் முடித்து விற்றுவிடுங்கள்.